கடலோர மனை: 230 மீட்டர் தள்ளி இருந்தால் வீடு கட்டலாமா?

கேள்வி: செய்யூரான்

அனைவருக்கும் வணக்கம். செய்யூர் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தாற்போல் 12 சென்ட் மனை ஒன்று எங்களுக்கு விலைக்கு வந்திருக்கிறது. நானும் என் தம்பியும் சேர்ந்து அதை வாங்கி, ஓய்வு பெற்ற பிறகு அம்மாவுடன் வந்து தங்குவதற்கு ஒரு சிறிய வீடு கட்ட நினைக்கிறோம். பட்டா தெளிவாக இருக்கிறது. 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்ததிலும் சிக்கல் ஏதும் இல்லை. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இடத்தைப் பார்க்கப் போனோம். தரகர் எங்கள் கண்முன்னாலேயே அலை வந்து தொடும் ஈர மணலில் ஓர் ஆளை நிறுத்தி, அங்கிருந்து மனையின் கிழக்குக் கல் வரை நாடா பிடித்து அளந்தார். 230 மீட்டர் இருக்கிறது, 200-ஐத் தாண்டிவிட்டதால் கடற்கரைச் சட்டம் உங்களைத் தொடாது என்று உறுதியாகச் சொன்னார். மனையின் கிழக்குப் பாதியில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு மணல்மேடு நிற்கிறது. அதன்மேல் அடம்புக்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கின்றன. பொக்லைன் வைத்து ஒரே நாளில் சமப்படுத்திக் கொடுக்கிறேன், அதற்குத் தனியாகப் பணம் தர வேண்டாம் என்றார். தம்பிக்கு அது பெரிய சலுகையாகப் பட்டது. எனக்கு என்னவோ மனம் ஒப்பவில்லை.

அந்த மேட்டின் மேற்குச் சரிவில் குப்பத்துப் பெண்கள் இருவர் முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறித்து, ஊறி வந்த தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அம்மா கேட்டு வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பே இல்லை என்று வியந்து நின்றார். கடல் கண்ணுக்கெதிரே இருக்கிறது, தண்ணீர் இப்படி இருக்கிறது. அந்த மேட்டை இடித்துவிட்டு நாங்கள் அங்கே குடியேறுவது சரிதானா என்ற கேள்வி அப்போது வந்ததுதான், இன்னும் போகவில்லை. சட்டப்படி அங்கே கட்ட முடியுமா, கட்டினால் எப்படிக் கட்ட வேண்டும், அல்லது அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லதா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடன் இருப்பேன்.

பதில்: கரையோரப் பொறியாளர்

ஐயா, முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய காரியம். கடலோரக் கட்டுமானங்களில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நாடா. சட்டம் சொல்லும் தூரம் அலை தொடும் இடத்திலிருந்து அளக்கப்படுவதில்லை. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தின்போது நீர் ஏறி வரும் மேல் எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது. அந்தக் கோட்டைக் குறிப்பது தரகரோ கிராம நிர்வாக அலுவலரோ அல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போல அதற்கென்று அங்கீகாரம் பெற்ற அமைப்புகள்தான் அதைப் புல எண் வரைபடத்தின்மேல் வரைந்து தர முடியும். கோடைக்காலத்தில் நம் கிழக்குக் கரையில் மணல் சேர்ந்து கரை அகன்று கிடக்கும். வடகிழக்குப் பருவமழையின்போது அதே மணலைக் கடல் வாங்கிக்கொண்டு போய்விடும். ஈர மணலிலிருந்து 230 மீட்டர் என்றால், உயர் ஓதக் கோட்டிலிருந்து அது 190-ஆகவும் இருக்கலாம், 170-ஆகவும் இருக்கலாம்.

இரண்டாவதாக, 200 மீட்டரைத் தாண்டினால் சட்டம் தொடாது என்பதே தவறு. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் முதல் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. 2011-இலும் 2019-இலும் அது புதிதாக எழுதப்பட்டது. மூன்றிலுமே கடலோரத்தில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலம் ஒழுங்குமுறைக்கு உட்பட்டதுதான். ஊரகப் பகுதிகளில் முதல் 200 மீட்டர் கட்டுமானம் கூடாத பகுதி. 2019 அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகப் பகுதிகளில் மட்டும் அதை 50 மீட்டராகக் குறைத்தது. அதுவும் புதிய விதிகளுக்கேற்ற கடலோர மேலாண்மை வரைபடம் மக்கள் கருத்தைக் கேட்டுத் தயாரிக்கப்பட்டு ஒப்புதல் பெற்ற பிறகுதான். ஆகவே உங்கள் புல எண்ணுக்கு இன்று எந்த வரைபடம் நடைமுறையில் இருக்கிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழியாக யார் சொன்னாலும் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். 200 முதல் 500 மீட்டர் வரை உள்ள பகுதியில் குடியிருப்புகளுக்கு விதிகள் இடம் கொடுப்பதும், மீனவர் குப்பங்களைப் போல அங்கே மரபாக வாழ்ந்து வருவோரின் உரிமையை மனத்தில் வைத்துத்தான். அந்த வீடுகளும் தரைத்தளம், அதன்மேல் ஒரு மாடி, மொத்தம் 9 மீட்டர் உயரம் என்ற அளவைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது செய்தியை உங்கள் தம்பி அவசியம் படிக்க வேண்டும். மணல்மேடுகள், சதுப்புக் காடுகள், ஆமைகள் முட்டையிடும் இடங்கள் ஆகியவை சூழல் நுண்ணுணர்வுப் பகுதி என்ற முதல் வகையில் சேர்க்கப்பட்டுள்ளன. மணல்மேட்டைச் சமப்படுத்துவது விதிகளின்படி தடைசெய்யப்பட்ட செயல். வரைபடத்தில் அந்த மேடு முதல் வகையாகக் குறிக்கப்பட்டிருந்தால், கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. பொக்லைனைத் தரகர் இலவசமாகத் தரலாம்; வழக்கு வந்தால் பட்டாவில் இருப்பது உங்கள் பெயர்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். அந்தப் பக்கம் சாலைக்கு அருகிலேயே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் இருக்கின்றன. ஓதம் ஏறி இறங்கும் கழிக்கரைக்கும் தனியாகக் கட்டுப்பாட்டுத் தூரம் உண்டு. கிழக்கே கடலைப் பார்த்து அளந்துவிட்டு, மேற்கே கழியை மறந்து போனவர்கள் பலர்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் அம்மா குடித்த நீர், மழை மணல்மேட்டுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கும் நன்னீர். அந்த நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி வரை உப்புநீரை அழுத்தி வைத்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போட்டு மேலே அரை அடியை இறைத்துவிட்டால், கீழிருந்து உப்பு 20 அடி ஏறி வரும். மேட்டையே எடுத்துவிட்டால் மழையைப் பிடித்து வைக்கும் பாத்திரத்தையே எடுத்ததாகும். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை அதே மாதிரியான மணல் நீர்ப்படுகைதான். அங்கே வீடுகள் நெருங்க நெருங்கக் கிணறுகளில் உப்பு ஏறியதைச் சென்னைக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

பதில்: குப்பத்துப் பிள்ளை

வணக்கம் அண்ணா. நீங்கள் சொல்லும் ஊருக்கு வடக்கே ஒரு குப்பத்தைச் சேர்ந்தவன் நான். அந்த ஊற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று எனக்குப் பதினொரு வயது. எங்கள் குப்பத்தில் மேடு கரைந்து போயிருந்த தென்கோடியில் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்து சுவரைத் தள்ளியது. மேடு அப்படியே இருந்த வடபக்கத்தில் அலை மேட்டில் மோதி, இரு ஓரமாகச் சுற்றிக்கொண்டு, வேகம் இழந்துதான் உள்ளே வந்தது. என் பாட்டி அடம்புக்கொடியைப் பிடித்துக்கொண்டுதான் மேட்டின்மேல் ஏறினார். அந்தக் கொடியை யாரும் பிடுங்கக் கூடாது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு, அரசு உதவியுடன் புதிய வீடு வேண்டுமானால் 200 மீட்டருக்கு அப்பால் போக வேண்டும் என்றார்கள். பாதிப் பேர் போனோம். படகும் வலையும் கரையில், வீடு மேற்கே. விடியற்காலை 3 மணிக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று வாசலில் நின்று பார்க்க முடியாத வாழ்க்கை எங்களுக்கு வந்தது. பாதுகாப்புக்காகத்தானே என்று ஏற்றுக்கொண்டோம். ஆனால் எங்களை நகரச் சொன்ன அதே கரையோரத்தில் பிறகு மதில் சுவர்களும் விடுதிகளும் எழும்பியதைப் பார்த்தபோது உண்டான வலி இன்னும் ஆறவில்லை. வலை காயப்போட்ட மணல், படகு ஏற்றி வைத்த இடம், கரைவலை இழுக்க நின்ற இடம் ஆகிய எதற்கும் எங்களிடம் பட்டா இல்லை. எங்கள் தாத்தா காலத்திலிருந்து அது எல்லாருக்கும் பொதுவானது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனைக்காரர் தன் எல்லைக்கு முன்னால் லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டினார். அவருடைய வேலி தப்பியது. அடுத்த இரண்டு பருவத்துக்குள் அவருக்கு வடக்கே எங்கள் படகுகள் நிற்கும் இடம் அரித்து, ஒரு தென்னை வேரோடு சாய்ந்தது. ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். தெண்டி என்பார்கள் எங்கள் பெரியவர்கள். அது சுமந்து வரும் மணலை ஓரிடத்தில் தடுத்தால் அடுத்த இடத்துக்கு மணல் வராது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்டிய பிறகு நகரத்துக் கடற்கரை மறைந்து கருங்கல்லாகிப் போனதும், அரிப்பு அங்கிருந்து வடக்கே சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர் ஊராக நகர்ந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. சென்னைத் துறைமுகத்தால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் அரிபட்டது. இன்று அரசே கடலுக்குள் நீளும் கல்தடுப்புகளைத் தூண்டில் வளைவு என்று போடுகிறது. ஒரு குப்பம் தப்பினால் அதற்கு வடக்கே உள்ள குப்பம் மனு எழுதத் தொடங்குகிறது.

அண்ணா, நீங்கள் எங்கள் பக்கம் வந்து வாழ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த மனையை ஒட்டித் தெற்கே ஒரு மணல் தடம் போகும். பெண்கள் ஊற்றுக்கும் கரைக்கும் போகும் வழி அது. புலப்படத்தில் இருக்காது. யார் வாங்கினாலும் அதை அடைத்துவிடக் கூடாது.

பதில்: மரக்காணத்து வாசகர்

பொறியாளர் ஐயா சொல்வதில் சட்டம் சரியாக இருக்கலாம். ஆனால் என்னைப் போன்றவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். என் அப்பா 1988-இல், அதாவது முதல் அறிவிக்கை வருவதற்கு முன்பே, சவுக்குத் தோப்பாக வாங்கிய நிலம் இன்று கட்டவும் முடியாமல் விற்கவும் முடியாமல் கிடக்கிறது. அதே கரையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் அனுமதி பெற்று வருகின்றன. சிறிய மனைக்காரன் மட்டும் சுற்றுச்சூழலைச் சுமக்க வேண்டும் என்பது என்ன நியாயம்? உள்ளாட்சி அனுமதி கொடுத்தால் கட்டிக்கொள்ளலாம் என்றுதான் இங்கே எல்லாரும் நடந்துகொள்கிறார்கள்.

பதில்: கரையோரப் பொறியாளர்

உங்கள் ஆதங்கம் நியாயமானது. பெரிய திட்டங்களுக்குத் தளர்வும் சிறியவர்களுக்குக் கண்டிப்பும் என்று ஒரு சட்டம் நடைமுறையில் தெரியும்போது, அந்தச் சட்டத்தின்மேல் மக்களுக்கு மதிப்பு குறைந்துபோகிறது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் நாம் எல்லாரும் சேர்ந்து கேட்கத்தான் வேண்டும். தோப்பாக வைத்திருக்கும் நிலத்தைத் தோப்பாகவே வைத்திருப்பவருக்கு அரசு ஏதாவது ஈடு தர வேண்டும் என்பது என் நெடுநாள் கருத்து. கரையைக் காக்கும் பயன் ஊருக்கு, இழப்பு ஒருவருக்கு மட்டும் என்றால் அது நீடிக்காது.

ஆனால் உள்ளாட்சி அனுமதியை மட்டும் நம்ப வேண்டாம். கேரளத்தில் மரடு என்ற ஊரில் காயல் ஓரமாக எழுந்த அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது. வாங்கியவர்கள் வங்கிக் கடன் பெற்று, வரி கட்டி, குடும்பமாகக் குடியிருந்தார்கள். கடலோர மண்டல அதிகார அமைப்பின் ஒப்புதல் இல்லாமல் கட்டப்பட்டவை என்று 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அவற்றை அகற்ற உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு குடியிருப்புத் தொகுப்புகளும் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 300-க்கும் மேற்பட்ட வீடுகள் அவை. இடைக்கால இழப்பீடாக ஒவ்வொரு உரிமையாளருக்கும் 25 லட்சம் ரூபாய் வழங்க நீதிமன்றம் சொன்னது. சொந்த வீட்டின் கதவைக் கடைசியாகப் பூட்டிவிட்டு இறங்கியவர்களின் முகத்தை அந்தத் தொகை மாற்றவில்லை. 2019 அறிவிக்கை 300 சதுர மீட்டர் வரையிலான சொந்தக் குடியிருப்புக்கு உள்ளாட்சியே அனுமதி தரலாம் என்று சொல்வது உண்மைதான். ஆனால் கடற்கரை விதிகளின்படி ஆராய்ந்து பார்த்த பிறகே தர வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. கூடாத இடத்தில் கட்டிக்கொள்வதற்கு அது வழியாகாது.

கரை அரிப்பையும் சேர்த்துப் பாருங்கள். மத்திய அரசின் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான கரைமாற்றத்தை ஆராய்ந்ததில், இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும், தமிழகக் கரையில் 40 விழுக்காட்டுக்கு மேலும் அரிபட்டு வருவது தெரியவந்தது. அப்படிப்பட்ட கரையில் 50 ஆண்டுகள் நிற்க வேண்டிய வீட்டுக்கு, கடல் முன்னும் பின்னும் போய்வர இடம் விடுவதைத் தவிர வேறு நம்பகமான அடித்தளம் எனக்குத் தெரியாது.

செய்யூரான் ஐயாவுக்கு: சட்டப்படி தகுந்த இடத்தில் கட்டுவதானால், ஆழ்துளைக் கிணறு வேண்டாம், கூரை மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, மிஞ்சியதை மணலில் இறக்குங்கள். அடிப்பகுதி இல்லாத உறைகளை இறக்கி அதைச் செப்டிக் டேங்க் என்று சொல்வார்கள். மணலில் அந்தக் கழிவு நேரே ஊற்று நீருக்குப் போகும். கசிவில்லாத தொட்டி கட்டி, வெளியேறும் நீரைக் கல்வாழை நட்ட ஜல்லிப் படுகை வழியாக விடுங்கள். மதில் சுவருக்குப் பதில் உயிர்வேலி போதும்.

பதில்: ஆமைநடை

ஒரே ஒரு செய்தி. அந்தக் கரையில் ஜனவரி மாதத்திலிருந்து, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் ஏறி முட்டையிடுகின்றன. 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து, இரவில் எந்தத் திசை வெளிச்சமாக இருக்கிறதோ அதைக் கடலென்று நம்பி ஓடும். ஒருமுறை ஒரு வீட்டின் மொட்டைமாடி விளக்கைப் பார்த்து ஊர்ந்துவந்த குஞ்சுகளைச் சாலையோரத்து மணலில் விடியும்வரை தேடித் தேடிப் பொறுக்கினோம். உள்ளங்கையில் வைத்தபோதும் அவற்றின் கால்கள் நீந்திக்கொண்டே இருந்தன. கட்டும் வீடு எங்கே இருந்தாலும், கிழக்குப் பக்கம் வெளிவிளக்கு வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் முழங்கால் உயரத்தில், மேலே மூடியிட்ட மங்கலான மஞ்சள் விளக்காக இருக்கட்டும். ஜனவரியிலிருந்து மே வரை திரையை இழுத்துவிடுங்கள்.

செய்யூரான்:

எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி. தரகரிடம் உயர் ஓதக் கோடு குறித்த வரைபடம் கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார். நாளைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்றும் சொன்னார். போகட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேறொருவர் வாங்கினால் மேடு போய்விடுமே என்பது இப்போது பெரிய கவலையாக இருக்கிறது. புல எண்ணையும் மேட்டின் படங்களையும் இணைத்து, சமப்படுத்த இருப்பதாகச் சொல்லப்பட்டதையும் குறிப்பிட்டு, மாவட்ட ஆட்சியரின் தலைமையிலான கடலோரக் குழுவுக்குப் பதிவு அஞ்சலில் மனு அனுப்பியிருக்கிறேன்.

சாலைக்கு மேற்கே, கழியிலிருந்தும் தள்ளி, பழைய மனைப்பிரிவு ஒன்றில் 6 சென்ட் இருப்பதாக ஒருவர் சொன்னார். அதற்கும் முதலில் வரைபடம், பிறகுதான் பேச்சு. அம்மாவுக்குச் சம்மதம். தம்பி மட்டும் கடல் தெரியாத இடத்தில் எதற்கு வீடு என்று இன்னும் வருத்தமாக இருக்கிறான்.

குப்பத்துப் பிள்ளை:

அண்ணா, மனுவின் நகல் ஒன்றை எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தாருக்கும் கொடுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் நாங்களும் தீர்மானம் போடுகிறோம். தம்பியை ஐப்பசிப் பௌர்ணமிக்கு அழைத்து வாருங்கள். அன்று தரகர் ஆளை நிறுத்திய இடத்தில் அவர் நிற்க முடியாது. தண்ணீர் எதுவரை ஏறி வருகிறது என்பதை அந்த மேட்டின்மேல் உட்கார்ந்து தன் கண்ணாலேயே பார்க்கட்டும். இரவுச் சாப்பாடு எங்கள் வீட்டில்.